ப்ரோடாவின் இடது கை

செயின்ட் கோல்மன் பள்ளிப் பையன்களுக்கு எல்லாமே முன்கூட்டியே தெரிந்திருந்தது.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே டெரெல் ஹேகுட்டுக்கு அது புரிந்துவிட்டது. அவன் கோச்சாக இருந்த ஹேக்கெட்ஸ்பர்க் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி நடுவில் முட்டிக்கொண்டு ஓடலாம் என்று முடிவெடுத்தால், பந்து கைமாறுவதற்கு முன்பே எதிரணி நடுவில் சுவர் எழுப்பியிருந்தது. ஓரமாக ஓடலாம் என்றால் ஓரத்தில் ஆள் காத்திருந்தான். எறியலாம் என்றால், பந்து எங்கே வந்து விழுமோ அந்த இடத்தில் ஒருவன் பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றிருந்தான். சொந்த மைதானத்தில், சொந்த ஜனங்களுக்கு முன்னால், ஒரே ஒரு முறை பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோன டச்டவுனோடு ஹேக்கெட்ஸ்பர்க் தோற்றது.

யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள்.

மறுநாள் சனிக்கிழமை காலை, உடற்பயிற்சிக் கூடத்தின் பின்னறையில் கதவைத் தாளிட்டுக்கொண்டு வீடியோவைப் போட்டான். துணைக் கோச்சுகள் வருவதற்குள் தனியாகப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தான். ஏன் தனியாக என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பதில் பிடிக்காது என்று தெரியும்.

எதிரணியின் கோச் டென்னி ருஸ்னாக் திரையில் தெரிந்தார். சாம்பல் நிறக் குளிர்ச்சட்டை, வாயில் எப்போதும் போல ஒரு பல்குத்தி. ஒவ்வொரு முறையும் பந்து கைமாறுமுன் கோச்சுகள் எதிரணியின் பெஞ்சைப் பார்ப்பார்கள், அல்லது மைதானத்தைப் பார்ப்பார்கள். ருஸ்னாக் இரண்டையும் பார்க்கவில்லை. அவர் தலை தன் வலப்பக்கம், மைதானத்தின் மூலைக்குத் திரும்பியது. பிறகு தன் பையன்களுக்குச் சைகை காட்டினார்.

டெரெல் பின்னோக்கி ஓட்டினான். மறுபடியும் அதே திரும்பல். அடுத்ததிலும். அதற்கு அடுத்ததிலும்.

மூலையில் என்ன இருக்கிறது?

இன்னொரு கேமராவின் படத்தை எடுத்தான். கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரத்தில் வைத்திருந்தது அது. எதிர் மூலையில், வேலியோரமாக, ஒரு சக்கர நாற்காலி. மடியில் கட்டம் போட்ட போர்வை. தலையில் பள்ளியின் கருஞ்சிவப்புத் தொப்பி.

லெஸ் ப்ரோடா.

டெரெல் படத்தைப் பெரிதாக்கினான். கிழவரின் வலது கை மடியில் செத்துக் கிடந்தது. இடது கை மெதுவாக மேலெழுந்து தொப்பியின் விளிம்பைத் தொட்டது. ஒரு மூச்சு இடைவெளி விட்டு, ஹேக்கெட்ஸ்பர்க் நடுவில் முட்டி ஓடியது. அங்கே சுவர்.

இடது கை காதைத் தொட்டது. ஹேக்கெட்ஸ்பர்க் எறிந்தது. பஸ்ஸுக்கு நிற்பவன் பிடித்தான்.

இடது கை குறுக்கே போய் வலது தோளைத் தட்டியது. ஹேக்கெட்ஸ்பர்க் ஓரமாக ஓடியது.

தொப்பி என்றால் நடுவில் ஓட்டம், காது என்றால் எறிதல், தோள் என்றால் ஓரத்து ஓட்டம். டெரெல் பதினைந்து வயதில் ப்ரோடாவின் அணியில் ஆடியபோது கற்றுக்கொண்ட சைகைகள். அவன் கோச் ஆனவுடன் முதல் வேலையாகத் தூக்கி எறிந்துவிட்டு, பையன்களின் மணிக்கட்டில் கட்டும் அட்டையில் எண்களாக மாற்றிய சைகைகள். புதிய எண்கள் அவனுக்கும் அவன் துணைக் கோச்சுகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

பிறகு எப்படி அந்தக் கைக்குத் தெரிந்தது?

*

ஹேக்கெட்ஸ்பர்க்கில் இரும்பாலை மூடிப் பல வருஷம் ஆயிற்று. அது மூடியதற்குக்கூட ஊர் அவ்வளவு அழவில்லை, ப்ரோடா ஓய்வு பெற்றதற்கு அழுதது. முப்பது வருஷத்துக்கு மேல் அவர்தான் கோச். ஆறு முறை மாநிலக் கோப்பை. பாங்க்கில் அவர் படம், முடிவெட்டும் கடையில் அவர் படம், செயின்ட் ஸ்டானிஸ்லாஸ் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும் ஹாலில்கூட, போப்பாண்டவருக்குப் பக்கத்தில், போப்பாண்டவரைவிடக் கொஞ்சம் பெரிதாக அவர் படம்.

பையன்களை மழையில் ஓடவிடுவார். ஓடி முடித்து வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தால், அவர் வாயிலிருந்து ஒரே சொல் வரும்: "மறுபடி." ஒரு பையனின் அப்பா ஆலையில் செத்தபோது, சவப்பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை என்று மொத்த அணியையும் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். அதே பையனை அடுத்த வாரம் பயிற்சிக்குத் தாமதமாக வந்ததற்காக வெளியே உட்கார வைத்ததும் அவர்தான். நல்லவரா கெட்டவரா என்று ஊர் கேட்டதில்லை. ஜெயித்தார்.

டென்னி ருஸ்னாக் இருபது வருஷத்துக்கு மேல் அவருக்குத் துணைக் கோச். தடுப்பாட்டம் முழுக்க ருஸ்னாக் பொறுப்பு. எனக்குப் பிறகு நீதான் என்று ப்ரோடா அவரிடம் சொல்லாத வருஷம் இல்லை. ஊரே கேட்டிருக்கிறது. ஆனால் ஓய்வு பெற்ற ஆண்டின் குளிர்கால விருந்தில், எல்லோரும் கோழியும் உருளைக்கிழங்குமாகத் தட்டில் மும்முரமாக இருந்தபோது, ப்ரோடா எழுந்து டெரெல் ஹேகுட்டின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் ருஸ்னாக். கத்தியால் கோழியை அறுத்துக்கொண்டிருந்தவர், அறுத்து முடித்து, ஒரு துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் செயின்ட் கோல்மன் அந்த மாதமே அவரைக் கோச்சாக எடுத்துக்கொண்டது.

அடுத்த வசந்தத்தில் ப்ரோடாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே சொல். பசிக்கிறதா என்றால் "மறுபடி." வலிக்கிறதா என்றால் "மறுபடி." பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்தாலும் "மறுபடி." பாதிரியார் இரண்டாம் முறையும் ஜெபித்தார் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானமே ஹோவர்ட் க்ளைன் கூப்பிட்டார். பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர். ஊரின் சவ அடக்க நிலையமும் அவருடையதுதான் என்பதால் எல்லோரிடமும் ஆறுதல் சொல்வதுபோலவே பேசுவார். நாக்-அவுட் சுற்று தொடங்கப் போகிறது, முதல் ஆட்டம் சுலபம், அதற்கடுத்து மறுபடியும் செயின்ட் கோல்மன் வரும்போல இருக்கிறதே என்று விசாரித்தார். குரலைத் தாழ்த்தினார்.

"டெரெல், குழுவுல சில பேர் டென்னிகிட்ட பேசியிருக்காங்க. அவன் திரும்பி வரத் தயாரா இருக்கான். நான் உன் பக்கம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனா அவன்கிட்டயே ரெண்டு தடவை தோத்தா, நான் என்ன சொல்லி நிறுத்தறது?"

டெரெல் போனை வைத்தான். ருஸ்னாக் வெறும் ஆட்டத்தை ஜெயிக்கப் பார்க்கவில்லை. டெரெலின் நாற்காலியைக் கேட்கிறார்.

*

சந்தேகம் கில் பெசாரோவின் மேல் விழுந்தது.

விழாமல் என்ன செய்யும்? முன்வரிசைப் பையன்களுக்கு கில்தான் கோச். ப்ரோடா காலத்திலிருந்தே இருக்கிறார். ருஸ்னாக்கும் அவரும் ஒரே மான் வேட்டைக் குடிலில் வருஷா வருஷம் ஒரு வாரம் குப்பை கொட்டுகிறவர்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பயிற்சி முடிந்ததும், மனைவி கட்டிக்கொடுத்த சூப்பை எடுத்துக்கொண்டு ப்ரோடா வீட்டுக்குப் போய், கிழவருக்கு ஸ்பூனால் ஊட்டிவிடுவார். அப்போது என்ன பேசுவார்? வானிலையா பேசப் போகிறார்? அந்த வாரத்துத் திட்டம் முழுக்கக் கிழவரின் காதில் விழும். ஆட்டத்தின்போதும் கில் காதில் ஹெட்செட் மாட்டியிருக்கிறார். டெரெல் சொல்லும் ஒவ்வொன்றும் அவருக்குக் கேட்கும். மூலைக்குப் பார்வை ஒன்று போதும்.

இரண்டு பேருமா? கிழவருமா? தன்னைத் தேர்ந்தெடுத்தவரே தன்னைக் கவிழ்க்கிறாரா? கொடுத்த வாக்கை மீறியதற்கு இப்போது ருஸ்னாக்குக்கு நஷ்டஈடு கட்டுகிறாரா?

டெரெல் பொறி வைத்தான்.

வியாழக்கிழமை மாலை கில்லைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கு ஆரம்பத்திலிருந்தே எறிந்துகொண்டே இருக்கப் போகிறோம், முதல் நான்கைந்து தடவையும் எறிதல்தான் என்று சொன்னான். கில் புருவத்தைத் தூக்கினார். உனக்கு ஜுரமா என்று கேட்டார். பிறகு சூப் பாத்திரத்தோடு காரில் ஏறிப் போனார்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்கியபோது டெரெல் ஹெட்செட்டைக் கழுத்தில் தொங்கவிட்டான். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தை முதலில் கையில் வாங்கும் குவார்ட்டர்பேக் பையன் வெஸ்லி தன் முகத்தைப் பார்க்கும் வரை எதையும் முடிவுகூடச் செய்யவில்லை. கடைசி நொடியில் மனத்தில் வந்தது: நடுவில் ஓட்டம். விரலைத் தூக்கி எண் காட்டப் போனான். காட்டுமுன் மைதானத்தின் குறுக்கே மூலையைப் பார்த்தான்.

கிழவரின் இடது கை ஏற்கெனவே தொப்பியின் மேல் இருந்தது.

டெரெலின் விரல் அந்தரத்தில் நின்றது. வெஸ்லி கத்தினான், "கோச், நேரம் போகுது." டெரெல் எண்ணைக் காட்டினான்.

அடுத்தது ஓரத்து ஓட்டம் என்று நினைத்தான். கை தோளுக்குப் போயிற்று. அடுத்தது எறியலாம் என்று நினைத்தான். கை காதுக்குப் போயிற்று. கில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலைத் தேய்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தார். யாரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. டெரெலின் மண்டைக்குள் மட்டும் இருந்த ஒன்று, எண்பது கஜத்துக்கு அப்பால் ஊமைக் கிழவரின் கையில் வந்து உட்கார்ந்தது.

அன்றைய எதிரணிக்கு அந்தச் சைகைகள் தெரியாது. ஹேக்கெட்ஸ்பர்க் சுலபமாக ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் கில், திட்டத்தை மாற்றினால் சொல்லித் தொலைக்க வேண்டாமா என்று முணுமுணுத்தார். டெரெல் அவர் முகத்தைப் பார்க்காமல் கை குலுக்கினான்.

அக்கரை மைதானத்தில் செயின்ட் கோல்மனும் ஜெயித்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ருஸ்னாக். வெற்றிக் கணக்கில் ஹேக்கெட்ஸ்பர்க் ஒரு படி மேலே இருந்ததால், ஆட்டம் மறுபடியும் இங்கேயே.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ப்ரோடாவின் வீட்டு அழைப்பு மணியை அடித்தான். மகள் மார்லீன் கதவைத் திறந்தாள். பக்கத்து ஊரில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அப்பாவுக்காக இங்கே வந்துவிட்டாள். ஜெயித்ததற்கு வாழ்த்து சொன்னாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, யாராவது செத்துட்டாங்களா என்று கேட்டாள்.

முன்னறையில் டீவி. பிட்ஸ்பர்க்கின் தொழில்முறை அணி விளையாடிக்கொண்டிருந்தது. ப்ரோடா டெரெலை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சாம்பல் கண்கள் அவனை அடையாளம் கண்டுகொண்டது தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. மறுபடி டீவிக்குத் திரும்பினார். இடது கை எழுந்து காதைத் தொட்டது.

பிட்ஸ்பர்க் நடுவில் ஓடி, விழுந்தது. கிழவரின் உதடு கோணியது.

"எல்லா ஞாயித்துக்கிழமையும் இதே கூத்துதான்," என்றாள் மார்லீன். "பிட்ஸ்பர்க்குக்கு இவர்தான் கோச். அவங்க ஒரு தடவையாவது இவர் பேச்சைக் கேட்டாங்களான்னு கேளு. கேக்கறதே இல்ல."

டெரெல் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தான். பிட்ஸ்பர்க் அடுத்ததற்கு அணிவகுத்தது. இந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தான். ஓரத்து ஓட்டம்.

கை தோளைத் தட்டியது.

அடுத்தது? நடுவில். தொப்பி. அடுத்தது? மறுபடியும் நடுவில், அவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள். தொப்பி. டெரெல் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுத்துவிட்டு, திறந்து பார்த்தான். அவன் நினைத்த இடத்திலேயே கை இருந்தது. தப்பவே இல்லை.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. கிழவர் கண்ணால் காணும் எல்லா ஆட்டத்துக்கும் தன் பாட்டுக்குக் கோச்சாக இருந்துகொண்டிருக்கிறார். பிட்ஸ்பர்க் கேட்பதில்லை. டெரெல் கேட்கிறான். கேட்கிறோம் என்று தெரியாமலே, ஒவ்வொரு தடவையும். பதினைந்து வயதிலிருந்து அந்த மனுஷன் அவன் மண்டைக்குள் ஊற்றி வைத்தது அப்படியே உறைந்து கிடக்கிறது. ருஸ்னாக்குக்கு டெரெலின் புதிய எண்கள் தேவையே இல்லை. ப்ரோடாவின் கையைப் படித்தால் போதும், டெரெலைப் படித்த மாதிரி.

அவமானம் காதுவரை ஏறியது. அதோடு கூடவே இன்னொரு கேள்வியும். கிழவரின் நாற்காலி எப்போதும் நுழைவாயில் பக்கம்தான் இருக்கும். இந்த மூலைக்கு எப்போது வந்தது?

மார்லீனிடம் கேட்டான். செயின்ட் கோல்மன் ஆட்டத்தன்றுதான் என்றாள் அவள். டென்னி வந்திருந்தான், மரியாதையாக அப்பாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தான், அன்று வாசலில் காற்று பலமாக இருந்தது, அவனே நாற்காலியை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான். மூலை நன்றாக இருந்ததால் போன வெள்ளிக்கிழமையும் அங்கேயே விட்டேன் என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"ஏன் கேக்கறே?"

டெரெல் சொன்னான். அவள் அப்பாவின் தொப்பியைக் கழற்றி, இருந்த கொஞ்ச முடியை ஒதுக்கிவிட்டு, மறுபடி மாட்டினாள். டென்னியை நாய்க்குப் பிறந்தவன் என்று நிதானமாக, குரலை உயர்த்தாமல் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

"வேண்டாம்," என்றான் டெரெல். "கூட்டிட்டு வா. அதே மூலைக்கு."

கிழவர் டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா, கேட்கவில்லையா, சொல்ல முடியாது.

*

திங்கட்கிழமை கில்லிடம் எல்லாவற்றையும் கொட்டினான், பொறி வைத்தது உட்பட. கில் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, சூப்பில் விஷம் இருக்கிறதா என்றும் சோதித்துப் பார்த்திருக்கலாமே என்றார். அதற்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ ப்ரோடா மாதிரியே ஆட்டம் நடத்துகிறாய் என்பது ஊருக்கே தெரியும், முடிவெட்டும் கடையில் தினமும் பேசுகிறார்கள், உனக்கு மட்டும்தான் தெரியாது என்றார்.

கிழவரின் கைக்கு ஒரு கம்பளி உறை மாட்டிவிட்டால் கதை முடிந்தது என்பது கில்லின் யோசனை. டெரெல் தலையாட்டி மறுத்தான். ருஸ்னாக் அந்தக் கையை நம்புகிறார். நம்பட்டும். கை தொப்பிக்குப் போனால் நாம் எறிவோம். காதுக்குப் போனால் ஓடுவோம்.

கில்லின் சிரிப்பு நின்றது. "தூண்டில்ல புழு மாதிரி அவரைக் கோத்து வைக்கப் போற."

"டென்னி வச்சாரே."

"டென்னி மாதிரி ஒருத்தன் வேணும்னா அவர் டென்னியையே கோச் ஆக்கியிருப்பாரே, தம்பி."

வேலை போனால் நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று டெரெல் நினைத்தான். திட்டத்தை மாற்றவில்லை.

*

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு ஊர்களும் மைதானத்தில் இருந்தன. ஹோவர்ட் க்ளைன் முதல் வரிசையில், கறுப்புக் கோட்டில், யாருடைய அடக்கத்துக்கு வந்திருக்கிறார் என்று தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மூலையில் நாற்காலி. மடியில் போர்வை. கை தொப்பிக்குப் போனது. ருஸ்னாக்கின் தலை திரும்பியது. நடுவில் சுவர் எழும்பியது. டெரெல் எறியச் சொன்னான்.

பந்து ஆளில்லாத இடத்தில் போய் விழுந்தது. ஹேக்கெட்ஸ்பர்க் பையன் அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை ஓடினான். கூட்டம் எழுந்து நின்றது.

முதல் பாதி முழுக்க அப்படியே போயிற்று. ஆனால் டெரெலுக்கு அது ஜெயிப்பதாகவே தோன்றவில்லை. ஒவ்வொரு தடவையும் மனத்தில் முதலில் வருவதை மென்னியைப் பிடித்து அமுக்கிவிட்டு, வேறொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. இடது காலில் வலது செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரி. மூலையில் கிழவர் நிலைகொள்ளாமல் இருந்தார். கை வேகமாக எழுந்தது, நாற்காலியின் கைப்பிடியில் அறைந்தது. தான் சொன்னதைச் செய்யாத பையன்களைப் பார்த்து அவர் "மறுபடி, மறுபடி" என்று கத்துவதாக மார்லீன் முகம் சொன்னது.

மூன்றாம் கால் பகுதியில் ருஸ்னாக் பல்குத்தியைத் துப்பினார்.

அவர் முட்டாள் இல்லை. கை தொப்பிக்குப் போனதும் இந்த முறை தன் பையன்களைப் பின்னுக்கு அனுப்பினார். எறிந்த பந்து அவர்கள் கையில் போய் விழுந்தது. தலைகீழ்க் கணக்கைத் தலைகீழாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். செயின்ட் கோல்மன் ஒரு டச்டவுன் போட்டது. பிறகு இன்னொன்று. இப்போது அவர்கள் நான்கு புள்ளி முன்னால்.

ஆட்டம் முடியப் போகிறது. பந்து ஹேக்கெட்ஸ்பர்க்கிடம். தாண்டினால் ஆறு புள்ளி தரும் கோட்டுக்கு ஒரு ஆள் நீளம்தான் பாக்கி. இதுதான் கடைசி முயற்சி, இதில் போகவில்லை என்றால் டெரெல் திங்கட்கிழமை பெட்டி கட்டலாம்.

கை தொப்பிக்குப் போனால் எறியலாமா? ருஸ்னாக்குக்கு அது தெரியும். அப்படியானால் ஓடலாமா? அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால்? டெரெலுக்குத் தலை சுற்றியது. மூலையைப் பார்த்தான். ருஸ்னாக்கும் மூலையைப் பார்த்தார்.

ப்ரோடா மைதானத்தைப் பார்க்கவில்லை. ருஸ்னாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக, கண் கொட்டாமல். பிறகு முகத்தை மெதுவாகத் திருப்பி, மைதானத்தின் குறுக்கே டெரெலைப் பார்த்தார். இடது கை மடியிலிருந்து எழுந்தது.

எழுந்த கை போர்வையின் விளிம்பைத் தூக்கியது. உள்ளே போயிற்று. வெளியே வரவில்லை.

ருஸ்னாக் டைம்-அவுட் கேட்டார். இருந்த கடைசி ஒன்று அது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு மூலையையே பார்த்தபடி நின்றார். போர்வை அசையவில்லை. நடுவர் வந்து ஏதோ சொன்னார். ருஸ்னாக்குக்குக் காதில் விழவில்லை.

ஹெட்செட்டில் கில்லின் குரல் வந்தது. "என்ன சொல்றே?"

"நடுவுல."

"அது அவரோட ஆட்டமாச்சே."

"இருக்கட்டும்," என்றான் டெரெல். யாருடையது என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. அன்று முழுக்க முதல்முறையாக, மனத்தில் வந்ததை அப்படியே வாயால் சொல்லியிருந்தான். உடம்பு லேசாக இருந்தது.

ருஸ்னாக் எறிதலுக்கு ஆட்களைப் பின்னுக்கு அனுப்பியிருந்தார். நடுவில் இரண்டே பேர். கில்லின் முன்வரிசைப் பையன்கள் அவர்களை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். பந்தோடு இருந்தவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான்.

*

ஹோவர்ட் க்ளைன் வேலியைத் தாண்டி வந்து, குழுவில் ஒருவருக்குக்கூட ஒரு நிமிஷமும் சந்தேகம் இருந்ததில்லை என்று அடித்துச் சொன்னார். அடுத்த வருஷமும் நீதான் என்றார். டெரெல் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தான்.

மைதானத்தின் நடுவில் ருஸ்னாக் கை குலுக்கக் காத்திருந்தார். பிடித்த கையை விடவில்லை.

"கடைசியில கையை மறைக்கச் சொல்லிக் கொடுத்தியே, அது நல்லா இருந்துது."

"நான் சொல்லல."

ருஸ்னாக் அவன் முகத்தை ஆராய்ந்தார். பொய் தேடினார். கிடைக்கவில்லை. மெதுவாக மூலைப்பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஏதோ இறங்கியது. டெரெலின் கையை விட்டுவிட்டு, தன் பையன்களைப் பார்த்துப் போனார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

டெரெல் மூலைக்குப் போனான். மார்லீன் நாற்காலியின் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

"டெரெல், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அன்னிக்கு டென்னிதான் தள்ளிட்டுப் போனான்னு சொன்னேன்ல. அது நிஜம்தான். ஆனா அவன் அப்பாவைப் பழைய இடத்துக்கு, வாசல் பக்கம்தான் திருப்பினான். அப்பா கையை நீட்டி இந்த மூலையைக் காட்டினார். இன்னிக்கு அவர் டென்னியைப் பார்த்த பார்வையைப் பார்த்தப்புறம்தான் எனக்கு அது ஞாபகத்துக்கு வருது."

குளிரில் டெரெலின் மூச்சு புகையாகப் போயிற்று.

அப்படியானால் முதல் ஆட்டத்திலேயே கிழவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் கையை ருஸ்னாக் படிக்கிறார் என்பதும், தன் கையைப் படித்தால் டெரெலைப் படிக்கலாம் என்பதும். தெரிந்தே போய் உட்கார்ந்து, இருபது வருஷ வாக்குக்கு ஒரு ஆட்டத்தை ருஸ்னாக்குக்குத் தூக்கிக் கொடுத்தார். இன்று போதும் என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார். அல்லது இது எதுவுமே இல்லை. மூலையில் காற்று குறைவு என்று போனார், விரல் விறைத்ததால் போர்வைக்குள் வைத்தார்.

டெரெல் நாற்காலிக்கு முன்னால் குந்தினான். இவ்வளவு கிட்டத்தில் அந்தக் கண்களை அவன் பார்த்து வருஷக்கணக்கு ஆயிற்று.

"கோச். அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்தானே?"

ப்ரோடா அவனைப் பார்த்தார். இருக்கிற ஒரே சொல்லைக்கூடச் சொல்லவில்லை. வாயின் நல்ல பக்கம் கொஞ்சம் மேலே போன மாதிரி இருந்தது. சிரிப்பா, குளிரா, நர்ஸான மார்லீனுக்கே தெரியவில்லை.

டெரெல் எழுந்தான். அடுத்த சுற்று வெளியூரில். வேனில் நாற்காலியை ஏற்ற இடம் இருக்கும், இவரை எங்கள் பெஞ்சிலேயே உட்கார வைத்துக்கொள்கிறேன் என்று மார்லீனிடம் சொன்னான். அவள் அப்பாவின் தலைக்கு மேலாக அவனைக் கூர்ந்து பார்த்தாள்.

"அவரை நம்புறியா?"

"இல்ல," என்றான் டெரெல். குனிந்து, நாற்காலியின் பிரேக்கை விடுவித்து, அவனே தள்ளத் தொடங்கினான்.